நாற்பத்தொன்றாம் செடி

ஐந்தரைக்கு எழுந்தேன். பின்வாசலில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்தேன். உறைநிலைக்கு நான்கு டிகிரி மேலே. பூக்களுக்கு இன்னும் ஒரு நாள் ஆயுசு இருந்தது. காபி குடித்தேன். இருபது வாளிகளைக் கழுவினேன். ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஒரு டின்னில் ஊற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டேன். ஒரு செடியில் வெட்டிய கத்தரியை டின்னில் முக்கிய பிறகே அடுத்த செடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றின் நோய் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. முக்கு, வெட்டு, முக்கு, வெட்டு. டேலியாவை மொட்டாக வெட்டினால் ஜாடியில் மலராது. முழுதாக விரிந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஏழே காலுக்கு வாளிகள் நிறைந்தன. கொட்டகைக்குள் நிழலில் வைத்தேன். கத்தரியைத் துடைத்தேன்.

நாற்பத்தொன்றாம் செடியை மட்டும் தொடவில்லை. கோரினின் உத்தரவு.

கோரின் என் மனைவி மார்னியின் அம்மா. பண்ணை அவருடையது. இன்று மதியம் நடக்கவிருந்த வகுப்பும் அவருடையது. 'இலையுதிர்கால விருந்தும் மலர் அலங்காரமும்' என்று அழைப்பிதழில் சாய்வெழுத்தில் அச்சாகியிருந்தது. பெரும்பாலும் பாஸ்டனிலிருந்தும் பர்லிங்டனிலிருந்தும், பன்னிரண்டு பெண்கள் வருவார்கள். ஜாடியில் பூ வைக்கக் கற்றுக்கொள்வார்கள். பிறகு தாங்கள் அலங்கரித்த மேசையிலேயே உட்கார்ந்து பரங்கிக்காய் சூப் குடிப்பார்கள். மார்னி உயிரோடு இருந்தவரை இதை நடத்த விடவில்லை. "வீட்டுல சூப் இல்லாமலா இங்க வர்றாங்க?" என்று கேட்பாள்.

எட்டு மணிக்கு கோரின் சமையலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"வெஸ் கண்ணு, அந்தச் சட்டையோடவா இருக்கப் போற?"

"பன்னெண்டு மணிக்கு மாத்திக்கிறேன்."

"நீல சட்டை போடு. படத்துல நல்லா வரும். நாப்பத்தொண்ணு எப்படி இருக்கு?"

"பூத்திருக்கு."

"எத்தனை?"

"பதினாலு."

"கடவுளே, சரியா இன்னிக்குன்னு பூத்திருக்கு பாரு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

டேலியா செப்டம்பர் கடைசியில் பூப்பதற்குக் கடவுள் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டேலியாவின் விதை தாயைப் போல முளைக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுச் செடி, உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. மார்னி ஆண்டுக்கு முந்நூறு விதை போடுவாள். முதல் பூ வந்ததும் இருநூற்றைம்பதைப் பிடுங்குவாள். அடுத்த ஆண்டு மீதியில் பெரும்பாலானவை போகும். நான்கு வருடம் தாக்குப்பிடித்த ஒன்றிரண்டுக்குத்தான் பெயர். அதுவரை எண் மட்டும், மஞ்சள் பட்டியில், பென்சிலில். வரிசையில் நடந்தபடியே முடிவு சொல்வாள்: குப்பை, குப்பை, பாக்கலாம், குப்பை. தள்ளுவண்டியோடு நான் பின்னால் நடப்பேன். நீரியலில் பட்டம் வாங்கியவன் நான். அவளிடம் எனக்குக் கிடைத்த பதவி அது.

நாற்பத்தொன்றின் நிறம் யாரிடமும் இல்லாதது. புகை படிந்த பீச் நிறம், இதழின் பின்புறம் ஊதா. அந்த நிறத்துக்காக அதற்கு இரண்டாவது வருடம் கொடுத்தாள். அந்த இரண்டாவது வருடத்தில்தான் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. ஆகஸ்டில் மாடியறைக்குக் கட்டிலை மாற்றினோம். ஒரு மதியம் நாற்பத்தொன்றிலிருந்து ஒரு பூ கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோனேன். கையில் வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். பிறகு தூங்கினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் மூச்சு மட்டும் இருந்தது.

அவள் தூங்கிய பிறகுதான் கோரின் ஐஸ் துண்டுகளோடு மேலே வந்தார். கட்டிலில் பூ கிடந்தது.

"என்ன சொன்னா?"

"பூவைப் பத்தி ஏதோ."

அவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை கோரின் கட்டினார். சாவுச் சடங்கில் அது 'பூவைப் பத்திப் பேசிட்டே போனா' என்று இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் 'பூவை நெஞ்சுல வெச்சுக்கிட்டா' ஆனது. வசந்தத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தபோது மார்னி பூவை நெஞ்சோடு அணைத்து, 'அம்மாகிட்ட சொல்லு, இது நான்தான்னு' என்று சொல்லியிருந்தாள். நான் படித்தேன். பத்திரிகையை மடித்து அடுப்பு பற்றவைக்கும் கூடையில் போட்டேன்.

இன்று மாலை விருந்து மேசையில் கோரின் அந்தச் செடிக்குப் பெயர் வைக்கப் போகிறார். 'என்றும் மார்னி.' கிழங்கு வேண்டும் என்பவர்கள் பெயர் எழுத அட்டைகள் தயாராக இருந்தன. டேலியாவைக் கிழங்கிலிருந்து வளர்த்தால் அதே செடிதான் வரும், எத்தனை வருடமானாலும். ஒரு முறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. பன்னிரண்டு தோட்டங்களில் அது அவள் பெயரோடு நிற்கும். நிற்கும் என்பது சரியான சொல் இல்லை.

இரண்டு மணிக்கு வந்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மூன்று வாரமாக மழை இல்லை. நான்கு பேர் இடுப்பில் தோலுறையில் கத்தரி தொங்கியது, துப்பாக்கி போல. கோழிக்கூண்டின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கோழியின் பெயரைக் கேட்டாள். பெயர் இல்லை என்றேன். நான் ஏதோ பாவம் செய்தது போலப் பார்த்தாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் க்ளியோ. ப்ரூக்ளினில் திருமணங்களுக்குப் பூ அலங்காரம் செய்பவள். என் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"உங்க வலியை இந்த மண்ணு வாங்கிக்கிச்சுல்ல?"

"மண்ணுல புளிப்பு ஜாஸ்தி. சுண்ணாம்பு போட்டேன்."

"ஐயோ, எவ்வளவு அழகா சொல்றீங்க," என்றாள்.

எல்லோருக்கும் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் ப்ளீச் தண்ணீர் கொடுத்தேன். எதற்கு என்று சொன்னேன். இரண்டாம் வரிசைக்குப் போவதற்குள் மூன்று குப்பிகளில் பூ இருந்தது. "குட்டியா, க்யூட்டா இருந்துச்சு," என்றாள் ஒருத்தி. ஒரு மணி நேரத்தில் அந்தப் பூக்களின் காம்பு வெளுத்துவிடும். அதையும் சொன்னேன். "பரவால்ல, எனக்கு வெள்ளைன்னா பிடிக்கும்," என்றாள்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தியை மட்டும் எனக்குத் தெரியும். ரோவீனா. எங்கள் பக்கத்தில் அஞ்சல் வண்டி ஓட்டுபவள், ஐம்பது வயதிருக்கும். பழைய பூட்ஸ். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை முக்கினாள். முக்கி, உதறி, வெட்டினாள்.

"நீங்க எங்க இங்க?" என்று கேட்டேன்.

"என் பொறந்தநாளுக்கு மருமக டிக்கெட் வாங்கிக் குடுத்தா. பூவுக்குப் பதிலா பூ வகுப்பாம். என்னத்தைச் சொல்ல." குனிந்து ஒரு செடியின் அடியைப் பார்த்தாள். "கண்காட்சியில மூணு வருஷம் என்னை ரெண்டாவது இடத்துலயே உட்கார வெச்சா உம் பொண்டாட்டி. அவ வயலை ஒரு தடவை பாத்துடணும்னு வந்தேன். எதைத் தின்னு வளருதுன்னு."

"சுண்ணாம்பு."

"அப்படியே அவளை மாதிரியே ரகசியம் சொல்லாம மழுப்பு."

மார்னி போன இந்தப் பதின்மூன்று மாதத்தில் அவளைப் பற்றி யாரும் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. பத்து நொடி நன்றாக இருந்தது.

பிறகு கொட்டகையில் வகுப்பு. நீளமான மேசை, மெழுகுவர்த்திகள், வெளியே வெயில் அடிக்கும்போதே ஏற்றியிருந்தார்கள். க்ளியோ ஜாடிக்குள் கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுருட்டித் திணித்துக் காட்டினாள். அதில்தான் காம்பு நிற்கும். அது ஒன்றுதான் அன்று மதியம் சொல்லப்பட்ட உபயோகமான விஷயம். அதற்குப் பிறகு, "பூவை நீங்க அடுக்காதீங்க. எங்க போகணும்னு அதுகிட்டயே கேளுங்க," என்றாள். கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பூவைக் காதோரம் பிடித்தவள்கூட இருந்தாள். முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு ஜாடிகள், பன்னிரண்டும் ஒரே மாதிரி, இடது பக்கம் சாய்ந்து. க்ளியோவின் ஜாடி இடது பக்கம் சாய்ந்திருந்தது.

விருந்தோம்பல் பாடத்தை கோரின் எடுத்தார். நாப்கினை எப்படி மடிக்காமல் மடிப்பது. எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்தில் பூ வைப்பது. "கடைசி விருந்தாளி வண்டி ஏறுற வரைக்கும் வீட்டுக்காரிக்குத் தலைவலி கிடையாது, தூக்கம் கிடையாது, துக்கம் கிடையாது. எங்கம்மா எனக்குச் சொன்னது," என்றார். பன்னிரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

நாலரைக்கு என்னை நாற்பத்தொன்றை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். நீல சட்டையில் போனேன். பதினான்கில் பன்னிரண்டு வெட்டினேன். நடந்து வரும்போதே தலைகள் என் மணிக்கட்டில் இடித்தன. அந்தக் கூட்டத்தைக் கேவலமாக நினைத்துக்கொண்டே நடந்தேன். நீல சட்டை போட்டுக்கொண்டு பூச்செண்டு சுமந்து வருபவனை என்னவென்று நினைப்பது?

க்ளியோ அவற்றை நடு ஜாடியில் வைத்தாள். எல்லாம் தொங்கின. பன்னிரண்டு பூக்களும் மேசையைப் பார்த்தன.

"ஐயோ, அது குனியுற அழகைப் பாருங்களேன்!" என்றாள் க்ளியோ. "எவ்வளவு பணிவு! இது வேற எந்தப் பூவுக்கும் வராது."

கைபேசிகள் உயர்ந்தன. கோரின் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். எழுந்து நின்றார். மகள் விதைத்தது, மகள் காத்தது, மாடியறை, சாயங்கால வெளிச்சம், பூ, நெஞ்சு. மதிய வெளிச்சம் சாயங்கால வெளிச்சமானது எனக்குப் புதிது. ஒருத்தி விசும்பினாள். அட்டைகள் கைமாறின. பேனாக்கள் திறந்தன. 'என்றும் மார்னி' என்று கோரின் சொன்னபோது கைதட்டினார்கள்.

ரோவீனா தட்டவில்லை. ஒரு விரலை ஒரு பூவின் தாடைக்கு அடியில் கொடுத்து நிமிர்த்தினாள். விரலை எடுத்தாள். தலை விழுந்தது. இன்னொன்றை நிமிர்த்தினாள். அதுவும் விழுந்தது.

"இது குனியலம்மா," என்றாள் க்ளியோவிடம். "நிக்க முடியல."

"அது ஒரு பார்வை," என்றாள் க்ளியோ.

"பார்வை இல்லை. கழுத்து. கழுத்து இல்லாத டேலியா." கோரினைப் பார்த்தாள். "கோரின், தப்பா நினைக்காதீங்க. நிறம் அபாரம். ஆனா இதை மார்னி பேர்ல வெளிய விட்டா, கண்காட்சியில அவ மானம்தான் போகும். இதைவிட நூறு மடங்கு நல்லதை அவ பிடுங்கி எறிஞ்சதை, தபால் போட வர்றப்ப ரோட்டுலேர்ந்தே நான் கண்ணால பாத்திருக்கேன். எனக்கு ஒண்ணு குடுடின்னு கேட்டேன். குடுக்கல."

"என் மக கடைசியா கேட்டது இது."

"இதையா?"

"ஆமா, இதை. அவன் பக்கத்துலயே இருந்தான்." கோரின் என் பக்கம் திரும்பினார். "வெஸ். சொல்லு இவங்களுக்கு. அவ வாயால என்ன சொன்னான்னு நீயே சொல்லு."

பதின்மூன்று மாதமாக நான் பொய் எதுவும் சொன்னதில்லை. அதுதான் என் பெருமை. மற்றவர்கள் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதை நேர்மை என்று வைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் பன்னிரண்டு பேனாக்கள் காத்திருந்தன.

"நெஞ்சுல வெச்சுக்கல," என்றேன். "திருப்பிப் பின்பக்கம் பாத்தா. கழுத்து நிக்கல, பிடுங்கிப் போடுன்னு சொன்னா."

யாரோ ஒருத்தி சிரித்தாள், நகைச்சுவை என்று நினைத்து. பிறகு நிறுத்தினாள்.

"அதுகூட ஒரு விதத்துல அழகுதான், இல்லையா..." என்று க்ளியோ ஆரம்பித்தாள்.

"வாயை மூடும்மா," என்றாள் ரோவீனா.

கோரின் நின்றுகொண்டே இருந்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. பிறகு மேசையைச் சுற்றி வந்து அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கினார், சாப்பிட்ட தட்டுகளை எடுப்பது போல. அடுக்கி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார்.

"சூப் ஆறுது," என்றார். "ரொட்டி இந்தப் பக்கம் வரட்டும். க்ளியோ, உனக்குச் சைடர் ஊத்தட்டுமா?"

ஊற்றினார்.

நான் எழுந்து வெளியே போனேன். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்தேன். நாற்பத்தொன்றின் மீதி இரண்டு பூக்களோடு தண்டை வெட்டினேன். சுற்றிலும் ஒரு அடி தள்ளித் தோண்டினேன். கிழங்குக் கொத்து பெரியது. நல்ல வருடம். கொட்டகையிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு கோரின் சுட்ட ஆப்பிள் பை பற்றி யாரோ வியந்தார்கள். அத்தனைக்குப் பிறகும் ஆப்பிள் பையை வியக்க முடிந்தது அவர்களால்.

வெயில் குன்றுக்குப் பின்னால் இறங்கும்போது வண்டிகள் கிளம்பின. ஒவ்வொரு வண்டிக்கும் கோரின் கையசைத்தார். ஒவ்வொருவரும் இடது பக்கம் சாய்ந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். ரோவீனா மட்டும் வண்டியை வயலோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். குழியைப் பார்த்தாள். தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போனாள்.

கடைசி வண்டி சாலை திரும்பி மறைந்தது. கோரின் வயலுக்குள் நடந்து வந்தார். நடு ஜாடியிலிருந்த பன்னிரண்டு பூக்களையும் கையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். தண்ணீர் சொட்டி ஏப்ரன் நனைந்திருந்தது. பையில் அட்டைகளும் நனைந்திருக்கும்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்க. பூவைப் பத்தின்னு சொன்னேன்."

"அது பதிலா?"

"இல்ல."

பூக்களைத் தள்ளுவண்டியில் போட்டார். கிழங்குக் கொத்தைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"போன வருஷமே பிடுங்கச் சொல்லியிருக்கா. நீ ஏன் செய்யல?"

"சோம்பேறித்தனம்."

"டேய்." அவர் என்னை டேய் என்றது அதுதான் முதல் தடவை. "நான் இந்தப் பண்ணையில பொறந்தவ. சோம்பேறியா இருந்திருந்தா இது மண்ணுலயே கிடந்து பனியில செத்திருக்கும். யாரோ தோண்டிக் கழுவி, நிலவறையில மரத்தூள்ல பொத்தி வெச்சு, மே மாசம் திரும்ப நட்டிருக்காங்க. நானா நட்டேன்?"

மரத்தூள் ஈரம் காயாமல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒரு முறை நிலவறைக்கு இறங்கியிருக்கிறேன். அவள் சொன்னதற்கு நேர் எதிராக ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறேன். அன்று மேசையில் இருந்தவர்களையெல்லாம் மதியம் முழுக்க முட்டாள்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இல்ல."

"ம்."

மூக்கை ஏப்ரனில் துடைத்தார். பிறகு தள்ளுவண்டியின் பிடிகளைத் தூக்கினார். நான் வாங்கப் போனேன், தரவில்லை. உரக்குழி இருக்கும் பக்கம் திருப்பித் தள்ள ஆரம்பித்தார்.

"அங்க வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

"அதுக்கப்புறம் இன்னும் ஒண்ணு சொன்னா. அதான் கடைசி."

பிடிகளை இறக்கி வைத்தார். நான் சொன்னேன். மார்னி சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல்.

"உரக்குழியில போட்டுடாத, வெஸ். அந்தச் சூட்டுல பொழைச்சுக்கிட்டு, சனியன், திரும்ப வந்து நிக்கும்."